பகலில் தூங்கும் செடி

“வீட்டு ரூம்ல விளைஞ்சதாம்! காதுல பூ சுத்தறாங்க. அது ஏதோ தொழிற்சாலைச் சரக்கு” என்றான் கோர்கா, மூன்றாவது மாடிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே.

“வாயை மூடிட்டு ஏறு. பாத்துட்டுப் பேசுவோம்” என்றாள் மைதே. ஸ்பெயினின் பில்பாவோ நகரக் கஞ்சா வளர்ப்போர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. கையில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்திருந்தாள்.

சங்கத்தின் ஆண்டுப் போட்டியில் ஜாடிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நேற்று இந்த ஜாடிதான் ஜெயித்தது. முழங்கால் உயரம்கூட வளராத குள்ளச் செடியின் மொட்டு. இரண்டே இழுப்பில் நடுவர்களைப் பேச்சில்லாமல் உட்கார வைத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு விதைகூட இல்லை.

அதுதான் கோர்காவை உறுத்தியது. நான்கு வருடங்களாகக் கோப்பை அவன் வீட்டில் இருந்தது. ஜாடியைக் கொண்டுவந்து கொடுத்தவள் கராசி. வளர்த்தது தன் கணவன் உனாய் என்று சொல்லியிருந்தாள். அந்த உனாயைச் சங்கத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

செடி இந்த வீட்டில்தான் வளர்ந்தது என்று நிரூபித்தால் கோப்பை உனாய்க்கு. இல்லாவிட்டால் அவன் பெயரைச் சங்கத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள். கோர்கா கோப்பையைப் பையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தான். திரும்ப எடுத்துப் போய்விடலாம் என்ற நம்பிக்கை.

கராசி கதவைத் திறந்தாள்.

“வாங்க. உள் ரூம்ல இருக்கார். ஒண்ணு மட்டும், லைட்டு போடக் கூடாது. செடி தூங்குது.”

“மட்ட மத்தியானத்துலயா?”

“ராத்திரிதானே கரண்டு மலிவு? விளக்கு ராத்திரி எரியும், பகல்ல இருட்டு. உங்க வீட்லயும் அப்படித்தானே?”

கோர்கா பையைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டான். அவன் வீட்டிலும் அப்படித்தான்.

கராசி உள் அறைக் கதவில் வாய் வைத்துச் சொன்னாள். “உனாய், இப்பவாவது சொல்லிடேன்.”

“சொன்னா கோப்பைக்கு அர்த்தமே மாறிடும். உள்ள அனுப்பு.”

“கேட்டீங்களா? என்னமோ மறைக்கறாங்க” என்று மைதேயின் தோளை இடித்தான் கோர்கா.

இரண்டு கறுப்புத் திரைகளைத் தாண்டி உள்ளே போனார்கள். கதவு சாத்தியதும் தன் கை தனக்கே தெரியாத இருட்டு. மின்விசிறியின் ரீங்காரம். எலுமிச்சைத் தோலும் பைன் பிசினும் கலந்தது போன்ற மணம். எங்கோ கத்தரிக்கோல் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தது.

“போனை வெளிய எடுக்காதீங்க, கோர்கா” என்றான் உனாய் இருட்டுக்குள்ளிருந்து.

கோர்கா திடுக்கிட்டான். “உனக்கெப்படித் தெரியும்?”

“ஜிப் சத்தம் கேட்டுச்சு. பூக்கிற நேரம். இருட்டுல கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் இவ குழம்பிடுவா. ஆண் பூவும் சேர்த்து விட்டுடுவா. அப்புறம் மொட்டு பூரா விதைதான், போதை பாதியாயிடும்.”

“எனக்கே பாடமா? விஷயம் தெரிஞ்சும் எவன் சும்மா இருக்கான்? தூங்கற நேரம்னு பாக்காம நாளுக்கு நாலு தடவை எட்டிப் பாப்போம். சிநேகிதன் வந்தா காட்டாம அனுப்புவோமா? அதான் எல்லார் மொட்டுலயும் ஒண்ணு ரெண்டு விதை. என்னுதுலயும் உண்டு. உன்னுதுல மட்டும் எப்படி இல்ல?”

“நான் எட்டிப் பாத்ததே இல்ல.”

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூட.”

மைதே சிரித்துவிட்டாள். “ஏம்ப்பா, அழகான செடியாப் பாத்து விதைக்குன்னு ஒதுக்க வேண்டாமா?”

“அழகு எனக்கு எதுக்கு மைதே? மோந்து பாப்பேன். பிசின் விரல விடாம ஒட்டுச்சுன்னா வச்சுப்பேன். கைக்கு எட்டாம வளர்றதைத் தூக்கி எறிஞ்சுடுவேன். அப்படி எறிஞ்சு எறிஞ்சுதான் இந்தக் குள்ளி மிஞ்சினா.”

“பச்சை விளக்காவது வச்சிருப்பே” என்றான் கோர்கா. பச்சை வெளிச்சத்தில் செடி அவ்வளவாக விழிக்காது என்று வளர்ப்பவர்கள் நெற்றியில் அதைக் கட்டிக்கொள்வது வழக்கம்.

“வாங்கவே இல்ல.”

“ஓஹோ! அப்போ இந்த இருட்டுல ஒரு கிளை வெட்டிக் குடு, பாப்போம். உன் விரல் மிஞ்சுதான்னும் பாப்போம்.”

அவன் முடிப்பதற்குள் ‘நறுக்’ என்று கேட்டது. ஒரு கை மைதேயின் கையைத் தொட்டுப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு ஈரக் கிளையை வைத்தது.

அவள் ஜாடியைத் திறந்து முகர்ந்தாள். பிறகு கிளையை. மறுபடி ஜாடியை.

“கோர்கா, நீயே பாரு.”

கோர்கா முகர்ந்தான். மொட்டைப் பிரித்து விரலால் விதை தேடினான். ரொம்ப நேரம் தேடினான்.

“அதே செடிதான்” என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “விதையும் இல்ல. நீதான் ஜெயிச்சே, உனாய். தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே.”

“முடிவாச்சா மைதே?” என்றான் உனாய்.

“முடிவாச்சு. இனிமே யாரும் மாத்த முடியாது.”

“ஆனா மண்டை வெடிக்குதுப்பா” என்றான் கோர்கா. “விளக்கே இல்லாம எப்படி வேலை பாக்கறே?”

“வெளிய வாங்க, சொல்றேன்.”

கதவு திறந்தது. கூடத்து ஜன்னல் வெயில் முகத்தில் அறைந்ததும் கோர்காவும் மைதேயும் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். உனாய் மட்டும் இமைக்காமல் அந்த வெயிலுக்குள் நடந்து வந்தான். சுவர் மூலையைத் தடவி வெள்ளைத் தடியை எடுத்துக்கொண்டு, கோர்காவின் பை உரசும் சத்தம் கேட்ட பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினான்.

“கோப்பையைக் குடுங்க. எவ்வளவு பெருசுன்னு தடவிப் பாக்கறேன்.”