ஒப்பித்தால்தான் சாவி

"குடிச்சிருந்தியா மொக்கை?"

"சத்தியமா இல்ல முதலாளி" என்றான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலில் கட்டோடு கிடந்த டிரைவர் மொக்கைச்சாமி.

"கண்ணசந்துட்டியா?"

"பட்டப்பகல்ல என்ன தூக்கம்?"

சோடா கம்பெனி முதலாளி பீர் முகமதுவுக்கு மனசு ஆறவில்லை. பதினெட்டு வருடமாக ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காதவன், ஆளில்லாத வடமதுரை ரோட்டில் வேனைப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதியிருக்கிறான். வலது கால் இனி உதவாது என்று டாக்டர் இப்போதுதான் அவரிடம் தனியாகச் சொன்னார்.

"எட்டு ரூல் எழுதிக் குடுத்தேனே? திங்கக்கிழமை ஒப்பிக்காதவனுக்குச் சாவி கிடையாதுன்னேனே? அதையாவது படிச்சியா?"

"அதைத்தான் படிச்சேன் முதலாளி. ஏழு ரூல் மனசுல நின்னுருச்சு. எட்டாவது மட்டும் போக்குக் காட்டுச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தானே நானு? தாளை ஸ்டியரிங் மேல வச்சுப் பாத்துக்கிட்டே ஓட்டுனேன்."

தலையணைக்கு அடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். பீர் முகமது தன் கையெழுத்தைத் தானே படித்தார்.

'8. வண்டி ஓட்டும்போது கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும்.'

"இப்ப எட்டும் பாடமாயிருச்சு முதலாளி" என்றான் மொக்கைச்சாமி. "திங்கக்கிழமை சாவி குடுத்துருவீகள்ல?"