நற்சான்று

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மயிலாப்பூரிலிருந்து கல்யாணராமன் வந்திருந்தார். பள்ளித் தோழன், அடையாறில் பல் டாக்டர் என்று பிலிப்பின் பெயரைக் கொடுத்ததே மாப்பிள்ளை ராகவேந்திரன்தான்.

“உங்க சினேகிதர் எப்படி டாக்டர்?”

“நல்ல படிப்பு, நல்ல வேலை. சிகரெட்கூடத் தொடமாட்டான் சார்.”

“கோவம் வருமோ? கை நீட்டுவாரோ?”

பிலிப் கையுறையை நிதானமாகக் கழற்றினான்.

“பத்தாவதுல எங்க கிளாஸ் பையன் ஒருத்தனுக்கு இன்னொரு பையன்மேல ஆசை. அது தெரிஞ்சதுலேர்ந்து ராகவ் அவனை ‘ஒம்போது’ன்னுதான் கூப்பிடுவான். டிபன் பாக்ஸ்ல மண்ணை அள்ளிப் போடுவான். ஒருநாள் பாத்ரூம்ல வச்சு, ‘உன்னை ஆம்பளையாக்கறேன்டா’ன்னு சிரிச்சுக்கிட்டே அவன் மூஞ்சியை வாஷ்பேசின்ல மோதினான். முன்பல் ரெண்டு போச்சு.”

கல்யாணராமனின் முகம் வெளிறியது. “என் பிள்ளையும் பத்தாவதுதான் படிக்கறான்” என்றவர், கொண்டுவந்த பழப்பையைக்கூட மறந்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ராகவேந்திரன் போனில் புலம்பினான். “மச்சி, இந்த இடமும் காரணம் சொல்லாம கழண்டுக்கிச்சுடா! இதோட மூணு. நீ நல்லபடியாத்தானே சொல்ற?”

“நடந்ததை அப்படியே சொல்றேன்டா.”

“நீதான்டா நண்பன்! அடுத்த பொண்ணு வீட்டுக்கும் உன் நம்பர்தான் குடுத்திருக்கேன்.”

“தாராளமா குடு மச்சி.”

அடித்தவனுக்கு ஞாபகமே இல்லை. போனை வைத்த பிலிப், தன் இரண்டு செயற்கை முன்பற்களும் பளிச்சென்று தெரிய வாய்விட்டுச் சிரித்தான்.