நாலாவது வகை

"இன்னிக்காவது டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைங்க. எனக்கு வாழ்க்கையே வெறுத்துப் போச்சு."

கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள். கணவர் வாயைத் திறந்தார். பதிலுக்கு முன்னால் இருமல் முந்திக்கொண்டது.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கல் அறுத்து, பாலிஷ் போடுகிறவர். இப்போது அவர் ராத்திரி இருமுகிற இருமலில் குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்துகொள்கிறது.

"குழந்தை பொறந்த அன்னிக்கே சிகரெட்டை விட்டுட்டேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"விட்டவருக்கு எதுக்கு இப்படி இருமல்? யார் காதுல பூ சுத்தறீங்க?"

கேட்டை ஒட்டி ஒரு புதுக் கூண்டு. முதலாளியின் நாய் உள்ளே படுத்திருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி வேறு. அதுக்கு வந்த வாழ்வு என்று எரிச்சலோடு பார்த்துவிட்டு நடந்தாள்.

விஷயம் இதுதான். வேலையால் வந்த இருமல் என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவரை வெளி வேலைக்கு மாற்றுவார்கள். வைத்தியச் செலவும் கம்பெனியுடையது. எழுதாவிட்டால் மறுபடி அதே பட்டறை, அதே அறுக்கிற மெஷின்.

டாக்டரின் ஏசி அறைக்குள் நுழைந்தார்கள்.

"கதவைச் சாத்தும்மா, தூசி வருது," என்றார் டாக்டர்.

சாத்தினாள். டாக்டர் கணவரின் நெஞ்சில் குழாயை வைத்ததும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை.

"சிகரெட் உண்டா?"

"முன்னால உண்டு சார். இப்ப..."

"போதும்." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நோய் நாலு வகைம்மா. கிருமியால ஒட்டிக்கிறது ஒண்ணு. அப்பா அம்மாகிட்டேர்ந்து பரம்பரையா வர்றது ஒண்ணு. சாப்பாட்டுல சத்து இல்லாம வர்றது ஒண்ணு. நாலாவது, நாமளே காசு கொடுத்து வாங்கிக்கிறது. உன் வீட்டுக்காரருக்கு நாலாவது. இதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?"

"கல் தூசி சார்..." என்று இழுத்தார் கணவர்.

"தூசி எங்கதான்யா இல்லை? ரோட்டுல இல்லையா?"

சீட்டில் 'புகைப்பழக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வெளியே வந்ததும் வெடித்தாள்.

"கேட்டுச்சா? காசு கொடுத்து வாங்கினீங்களாம். இனிமே உங்க இருமலுக்கு நான் வெந்நீர்கூட வைக்க மாட்டேன். என் மானமே போச்சு."

பட்டறையைப் பெருக்குகிற அம்மா வெளி பெஞ்சில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பரம்பரைன்னு எழுதிட்டார்ம்மா," என்றாள். "நான் சிகரெட் குடிக்கிறேன்னு எழுத முடியாதில்ல."

இவளுக்கு இருந்த கோபத்தில் அது காதிலேயே ஏறவில்லை. விறுவிறுவென்று நடந்தாள். கணவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கேட் அருகே அவரால் முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார்.

அவர் இருமி முடித்தார். இருமல் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கூண்டுக்குள் நாய் கழுத்தை நீட்டி இருமிக்கொண்டிருந்தது. அதே வறட்டு இருமல்.

"இதுக்கு என்ன?" என்று கேட்டாள்.

வாட்ச்மேன் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். "ராப்பகலா பட்டறைக்குள்ளதான் கட்டிக் கிடந்துச்சு, காவலுக்கு. போன வாரம் இருமி இருமிச் சுருண்டு விழுந்துடுச்சு. முதலாளி பதறிப் போய் அவரே கார்ல தூக்கிட்டுப் போனார். கல் தூசி நெஞ்சுல இறங்கிடுச்சுன்னு மாட்டு டாக்டர் சொல்லிட்டாராம். இனிமே பட்டறைப் பக்கமே விடக் கூடாதுன்னு முதலாளி கண்டிப்பான உத்தரவு. அதான் இந்தக் கூண்டு, ஃபேன் எல்லாம்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் புருவத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை முந்தானையால் துடைத்தாள். எத்தனை நாள், எத்தனை பேச்சு பேசியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பின்னாலேயே உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அவர் மேல் இல்லை.

"சீட்டைக் கொடுங்க."

"எதுக்கு? வேண்டாம், விடு. வேலை போயிடும்."

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். டாக்டர் அறைக் கதவை அகலத் திறந்து அப்படியே விட்டாள்.

"கதவைச் சாத்தும்மா. இன்னும் என்ன?"

"திறந்தே இருக்கட்டும்." சீட்டை அவர் மேஜையில் வைத்தாள். "இதை அப்புறம் எழுதிக்கலாம் டாக்டர். முதல்ல கேட்டுல கூண்டுல இருக்கிற நாய்கிட்டப் போய்க் கேட்டுட்டு வாங்க, அது ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் குடிக்குதுன்னு."