சோபாவில் தம்பி

கல்யாணமான எட்டாம் மாதத்தில் ஒருவன் ஹால் சோபாவில் படுத்தால், அதைத் துப்புத் துலக்க ஓர் அக்கா கட்டாயம் இருப்பாள். இவனுடைய அக்கா போதாக்குறைக்குப் பள்ளி ஆய்வாளர்.

ஞாயிறு காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சோபாவில் தலையணை, போர்வை, தம்பி.

"என்னடா கோலம் இது?"

"குறட்டைக்கா. அவ தூங்க வேணாமா? உன் தலைவலி எப்படி இருக்கு?"

"அது கிடக்குது. குறட்டை விட்டா புருஷனை வெளியே தள்ளிடறதா? நல்லா இருக்கு நியாயம்!" என்றாள், சமையலறைக்குக் கேட்கும்படி.

"அவளை ஒண்ணும் சொல்லாதேக்கா. தப்பு என்னுது."

"நீ போய் பேப்பர் வாங்கிட்டு வா."

"வந்தாச்சே."

"இன்னொண்ணு வாங்கிட்டு வா."

போனான்.

சமையலறையில் தம்பி மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அக்கா கதவைச் சாத்தினாள்.

"பதினாறு வருஷம் அவனும் நானும் ஒரே ரூம்ல படுத்தவங்க. அவனுக்குக் குறட்டையே கிடையாது. யாருக்காக இந்தப் பொய்?"

அவள் அடுப்பை அணைத்தாள். அழவில்லை.

"எனக்காகத்தான், அண்ணி. சேரும்போது உயிர் போற வலி. ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போனோம். வலிக்கப் போகுதுன்னு பயந்தே தசை தானா இறுகிக்குதாம். கற்பனை இல்லை, நிஜ வலிதான்னாங்க. இறுக்கம் தளரப் பயிற்சி, தடவிக்க ஜெல். வலிச்சா உடனே நிறுத்தணும், அவசரமே கூடாதுன்னாங்க. அதைக் கேட்டு இவர் சோபா வரைக்கும் போயிட்டார்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"இப்ப முக்கால்வாசி சரியாயிடுச்சு. உள்ளே வாங்கன்னு நேத்தே கூப்பிட்டேன். கிரிக்கெட் பார்த்துட்டு அங்கேயே தூங்கிட்டார்."

அக்கா சிரிக்கவில்லை. "பல்லைக் கடிச்சுக்கிட்டா போகப் போக சரியாயிடும்னுதானே எல்லாரும் சொல்வாங்க?"

"அதைத்தான் செய்யவே கூடாதுன்னாங்க, அண்ணி."

அக்கா பாலில் கட்டிய ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினாள். பிறகு கைப்பையைத் திறந்து, பள்ளிகளில் குறை எழுதும் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"ரொம்ப வருஷமானாலும் சரியாகுமாமா?"

"ஆகும்னுதான் சொன்னாங்க. ஏன் கேக்கறீங்க?"

"அந்த டாக்டர் அட்ரஸ் சொல்லு. உன் புருஷன் இப்பத்தான் குறட்டைன்னு சொல்றான். நான் என் வீட்டுக்காரர்கிட்ட பதினோரு வருஷமா தலைவலின்னு சொல்லிட்டிருக்கேன்."