வேகம் ஏறிய ப்ராசஸர்

கணினிப் பெட்டிக்குள் இருந்த ப்ராசஸருக்கு வேகப் பைத்தியம். முதலாளியும் அதன் வேகத்தை ஏற்றிவிட்டார். அதோடு கணினி கிளம்பவில்லை.

"மெமரிதான் சரியில்லை" என்றது ப்ராசஸர். முதலாளியும் அப்படியே நினைத்து மெமரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினார். அப்போதும் கிளம்பவில்லை.

"அப்ப விசிறி அண்ணன்தான் காரணம்."

ப்ராசஸரின் தலைமேல் உட்கார்ந்திருந்த விசிறி கத்தியது. "அடேய், உன் சூட்டை ஊதி ஊதியே தேய்ஞ்சவன்டா நான்!"

விசிறியைக் கழற்ற வந்த ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, வேகத்தை நினைவில் வைத்திருந்த காசளவு பேட்டரி துள்ளி விழுந்தது. அதைத் திரும்ப மாட்டியதும் ஏற்றிய வேகமெல்லாம் மறந்து, கணினி பழையபடி கிளம்பிவிட்டது.

ப்ராசஸருக்கும் எதுவும் நினைவில்லை. "அண்ணே, நான் இன்னும் வேகமா ஓடுவேன், தெரியுமா?"

"மெதுவாப் பேசுடா, முதலாளி காதுல விழப்போகுது" என்றது விசிறி.