அடங்காத முட்கள்

தைபே சோதனைக்கூடத்தில் யாதிங் அளவுக் கருவியின் கம்பியை மறுபடி கணினி போர்டில் வைத்தாள். மெமரிக்குப் போகும் மின்னழுத்தம் திரையில் முள்முள்ளாகத் துடித்தது. மதியத்துக்குள் அடங்காவிட்டால் அவள் வடிவமைத்த மதர்போர்டு ரத்து.

"கெப்பாசிட்டர், காயில் எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் துடிக்குதே அண்ணா!"

"மெஷின் சமத்தா ஓடணும்னு நம்ம ஊர் வழக்கப்படி மேல வெச்ச பச்சை சோளப்பொரிப் பாக்கெட் காலாவதி ஆகியிருக்கும். அதான் கோவிச்சுக்கிச்சு," என்று சிரித்தார் மூத்த பொறியாளர் போஹான்.

"விளையாடாதீங்கண்ணா, மதியம் ஆகப்போகுது."

"சரி, இன்னொரு கெப்பாசிட்டர் ஒட்டிப் பாரு. போர்டை அணை."

அணைத்தாள். போர்டின் விளக்குகள் அவிந்தன. திரையில் முட்கள் மட்டும் அப்படியே துடித்தன. அப்படியென்றால் கோளாறு போர்டில் இல்லை.

அளக்கும் கம்பியில் தொங்கிய நீளமான எர்த் வயர், பக்கத்து மேஜைச் சார்ஜரின் இரைச்சலை ஏரியல் போல இழுத்துக்கொண்டிருந்தது. குட்டை வயர் மாட்டி, போர்டை மறுபடி ஓட்டினாள். கோடு நேரானது.

"தப்பிச்சேண்ணா!"

போஹான் சிரிக்கவில்லை.

"போன வருஷம் இதே நீள வயரோட அளந்துதான் என் போர்டை நானே ரத்து பண்ணினேன்."