மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை

கற்பகவல்லி கொண்டுவந்த பழைய டீசல் காரின் பானெட்டைத் திறந்து பார்த்ததுமே சாத்தூர் மெக்கானிக் யோபு சொல்லிவிட்டார்.

“டர்போ போச்சும்மா. அதான் ஆயிலைக் குடிச்சுப் புகையாத் தள்ளுது. மாத்தித்தான் ஆகணும்.”

“புதுசாவே போடுங்கண்ணே. கல்யாணம் முடிஞ்ச கையோட பொண்ணும் மாப்பிள்ளையும் இதுலதான் கொடைக்கானல் போறாக.”

கூட வந்திருந்த அவள் அப்பா ராக்கப்பன் நெளிந்தார். “எதுக்குத்தா புதுசு? உள்ளதையே சரிபண்ணச் சொல்லு. மலைக்கெல்லாம் இப்ப போகலைன்னா என்ன?”

யோபுவுக்குச் சுருக்கென்றது. “நல்லாப் பேசுறீக. புதுசாக் கட்டிக்கிட்டவுக நடுமலையில வண்டியைத் தள்ளிக்கிட்டா நிப்பாக? இந்தப் பிள்ளை ஆசையா அனுப்புது, குறுக்க நிக்காதீக.”

ராக்கப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

புது டர்போ ஏறியது. ஆயில் குழாயைச் சுத்தம் செய்து, ஆயிலையும் மாற்றி, பைபாஸில் ஓட்டிப் பார்த்தார் யோபு. வண்டி பிய்த்துக்கொண்டு போனது.

திரும்பி வந்து சாவியைக் கற்பகவல்லியிடம் நீட்டினார்.

“மலை ஏறினதும் இஞ்சினை உடனே நிப்பாட்டக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடணும். இல்லேன்னா இந்த டர்போவும் போயிரும். மாப்பிள்ளைகிட்ட மறக்காமச் சொல்லீரும்மா.”

கற்பகவல்லி சாவியை வாங்காமல் திரும்பினாள்.

“அப்பா, கேட்டுக்கிட்டீகளா?”

யோபு விழித்தார்.

“அம்மா போயி ரொம்ப வருஷமாச்சுண்ணே. பொண்ணு பாத்ததே நான்தான்.”

ராக்கப்பனின் நரைத்த மீசைக்குக் கீழே வெட்கம் வழிந்தது. யோபு சாவியை அவர் கையில் வைத்து அழுத்தினார்.

“அங்கன குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, மாப்பிள்ளை.”